கொக்கு மார்க் தோட்டா

வைலே, டென்மார்க்
10.03.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மரியதாசன் எழுதுவது. மாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அத்தானும் மருமகள் யோகமலரும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். பூசை டேனிஷில் நடக்கிறது. எனக்கு அது விளங்காவிட்டாலும் மாதாவுக்கு என்னுடைய மட்டக்களப்புத் தமிழ் விளங்கும்தானே.

அக்கா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மொழிப் பள்ளி முடிந்ததும் கொமூன்காரர், இங்கத்தை நகரசபை ஆட்கள், அனுப்பிய இடம். முதலில் இரண்டு நாள் உங்களுக்கு எழுதவே கூச்சமாக இருந்தது. வேறொன்றுமில்லை, அது தோட்டாத் தொழிற்சாலை. பயப்பட வேண்டாம், சண்டைக்குரிய தோட்டா இல்லை. இந்த ஊர் ஆட்கள் குளிர் தொடங்க வாத்தும் முயலும் மானும் சுடப் போவார்கள், அதற்குரியது. அத்தானின் துவக்குக்குப் போடுகிற அதே சாதி.

தோட்டா ஒரு பட்டியில் வரிசையாக வரும். அடிப்பித்தளை நெளிந்தது, வாய் சரியாக மூடாதது எல்லாவற்றையும் நான் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லதைப் பெட்டியில் அடுக்க வேண்டும். காதுக்குப் பெரிய மூடி போட்டிருப்பதால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரிப்பது தெரியும், எதற்கென்று கேட்காது. மத்தியானம் கறுப்புப் பாணும் மீனும். பரவாயில்லை, பழகிவிட்டது.

என்னோடு ஒரே பிளேனில் வந்த கதிர்காமுவை உங்களுக்குத் தெரியும். அவன் இப்போது ஹொல்ஸ்டெப்ரோவில் இறைச்சித் தொழிற்சாலையில் நிற்கிறான். போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு நல்ல வேலைதான் தந்திருக்கிறானுகள்" என்றான். சிரிக்கட்டும்.

சுகத்துக்கு உடனே மறுமொழி போடுங்கள்.

அன்புத் தம்பி,
மரியதாசன்


சேசு மரி சூசை துணை

நாவற்கண்டம், மட்டக்களப்பு
02.04.1985

என் பாசமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். உன் நெஞ்சுச்சளி இப்போது எப்படி? குளிருக்குள் தலையைத் துடைக்காமல் திரிகிறாயோ என்று நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

உலகத்தில் உனக்கு வேறு வேலையே அகப்படவில்லையா? பாதிரியார் ஆக்க வேண்டுமென்று அம்மா நேர்ந்துவிட்ட பிள்ளை நீ. கோயிலில் யாராவது "தம்பி என்ன செய்யிறார்" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? "பெட்டி அடுக்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லைத்தானே.

உன் அத்தானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அந்த மனிசனுக்கு முகமெல்லாம் பல். கலியாண நாளிலும் நான் அப்படி ஒரு சந்தோசத்தை அவரிடம் பார்க்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு வயல் வட்டை முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வந்தார். இப்போது நாவற்கண்டத்தில் வேளாண்மை செய்கிற எல்லாருக்கும் நீ உறவுக்காரன். அவரும் இதோடு தனித்தாளில் எழுதுகிறார். அவர் கேட்பதையெல்லாம் செய்யப்போய் அங்கே பிடிபட்டுவிடாதே.

கடிதத்தை யோகமலருக்கு வாசித்துக் காட்டினேன். மாமா எப்போது வருவார் என்று கேட்டாள். வரட்டும் என்று சொன்னேன்.

உன் அக்கா,
செலீனா


நாவற்கண்டம்
02.04.1985

மச்சான் மரியதாசுக்கு,

அத்தான் கிறிஸ்துநாயகம் எழுதுவது. சுகம் விசாரிக்கிற வேலையை உன் அக்கா முடித்துவிட்டபடியால் நான் நேரே விசயத்துக்கு வாறன்.

இந்த முறை முன்மாரி வேளாண்மையை எனக்கு முதல் பன்றிகள் வெட்டிவிட்டன. துவக்கு இருக்கிறது, அப்பா காலத்து ஒற்றைக்குழல், லைசென்ஸ் துண்டும் இருக்கிறது. தோட்டாதான் வினை. பட்டணத்துக் கடையில் தருவது கடதாசிக் கோது. மழைக்குள் ஊதிப்போய்க் குழலுக்குள்ளேயே இறங்காது. வெயிலில் காயவைத்து இறக்கினாலும் மூன்றில் ஒன்றுதான் வெடிக்கும், மற்றதெல்லாம் புஸ். மார்கழி மழைக்குள் தந்தம் வைத்த ஒரு தந்தன் பன்றி வரம்பில் என் முன்னால் வந்து நின்றது. விசையை அமத்தினேன். புஸ். அதுவும் என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வெட்கமாய்ப் போய்விட்டது. மறுகா அது திரும்பிப் போய் மற்றப் பக்கத்தால் என் வேளாண்மையைத் தின்றது.

ஆனபடியால் மச்சான், வட்டைக்காரர் எல்லாரும் சேர்ந்து மொத்தமாக எடுக்க ஆயத்தம். விலை பார்த்து, கொஞ்சம் கழித்து, ஆனால் மழைக்கும் வெடிக்கிற சாமானாய் ஒழுங்கு செய்ய ஏலுமோ? உன்ட கம்பனிக்காரரிடம் ஒருக்காக் கேள். கேட்கிறதில் என்ன இருக்கிறது.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். வைக்கிறேன்.

அத்தான்


வைலே
09.06.1985

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். நெஞ்சுச்சளி குறைந்துவிட்டது. இங்கே இப்போது சூரியன் படுக்கப் போக மாட்டேன் என்கிறது, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

அத்தான், நீங்கள் கேட்டதைத் தொழிற்சாலைக் கந்தோரில் கேட்டேன். தனி ஆளுக்குத் தபாலில் அனுப்ப முடியாது, இரண்டு அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டுமாம். கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

விற்பனைப் பகுதியில் பவுல் என்று ஒருவர். நம்முடைய அப்போஸ்தலர் சின்னப்பரின் பெயர்தான். போன மாதம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திக் கோப்பி தந்தார். வேலையை விட்டு நிற்பாட்டப் போகிறாரென்று நினைத்தேன். பார்த்தால், கொழும்பில் ஒரு கொம்பனி தோட்டா கேட்டு எழுதியிருக்கிறதாம், பெருந்தொகையாக. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று போட்டிருக்கிறது. விலை குறைவாக இருக்க வேண்டும், ஒன்றும் வெடிக்காமல் பிழைக்கவும் கூடாது என்கிறார்களாம். "உன் நாட்டைத் தெரிந்த ஆள் இங்கே நீ ஒருவன்தான், அங்கே மழை எப்படி?" என்று கேட்டார்.

அவர்கள் பழைய கடதாசிக் கோதைத்தான் மலிவாகக் கழிக்க இருந்தார்கள். நான் விடவில்லை. அத்தானும் பன்றியும் வெட்கப்பட்ட கதையை என் அரைகுறை டேனிஷில் சொன்னேன். கந்தோரே சிரித்தது. மறுகா பவுல் சிரிப்பை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மாதம் மழை, பெட்டி எங்கே வைப்பார்கள், சாக்கிலா அலுமாரியிலா, எல்லாம். இப்போது முடிவு என்ன தெரியுமா? பச்சை பிளாஸ்டிக் கோது, வாய்க்கு மெழுகு, பெட்டிக்கு உள்ளே இன்னொரு உறை. அனுப்பும் முன் சிலதை எடுத்து ஒரு இரவு முழுக்கத் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்தோம். என் கையாலேதான் போட்டேன். காலையில் எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. பவுல் எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த நாட்டுக்கு வந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு மனிசனாக நின்றேன், அக்கா.

அத்தான், நேரே அனுப்ப ஏலாவிட்டாலும் கப்பல் கொழும்புக்கு வந்தால் பட்டணத்துக் கடைக்கும் வரும்தானே. பச்சையைக் கேட்டு வாங்குங்கள். யோகமலருக்குச் சொல்லுங்கள், ஒவ்வொரு தோட்டாவின் பித்தளை அடியிலும் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். அது மாமாவின் கொக்கு.

இப்படிக்கு,
மரியதாசன்


சேசு மரி சூசை துணை

நாவற்கண்டம்
25.08.1985

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமென்று அறிந்து சந்தோசம். உன் கடிதம் வந்து சேர ஒன்றரை மாதம். ஓரம் கிழித்து வாசித்துவிட்டுத் திரும்பப் பசை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பசை போடுகிற அளவுக்காவது மரியாதை இருக்கிறது.

உன் அத்தான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு மூன்று முறை போய் வந்தார். பச்சைத் தோட்டா என்று ஒன்று வரவே இல்லையாம். கடைக்காரன் முறைத்துப் பார்த்து, "நாயகம் அண்ணை, இந்த நாளையில இந்தக் கதை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினானாம்.

அதற்குப் பிறகு கதையே முடிந்துவிட்டது. லைசென்ஸ் துவக்கு வைத்திருக்கிற நம்முடைய ஆட்கள் எல்லாரும் பொலிசுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தல். அத்தான் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு ரசீதுத் துண்டு. அந்தத் துண்டைக் காட்டினால் பன்றி ஓடுமா? இப்போது ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தையும் தடியையும் வைத்துக்கொண்டு வட்டைக்குள் போய்த் தட்டுகிறார். பன்றிகள் மேளக்கச்சேரி கேட்கிற மாதிரி நின்று தின்கின்றனவாம். அவரே சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

எங்களிடம் வாங்கினார்கள். வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிற ஆட்களுக்கு லொறியில் வந்து புதுத் துவக்குக் கொடுக்கிறார்களாம். பால் கொண்டுபோகிற பெடியன் கண்ணால் பார்த்தது. அங்கேயும் பன்றி இருக்கும்தானே என்று உன் அத்தான் சொல்கிறார். இந்த மனிசனுக்கு எல்லாரும் நல்லவர்.

உன் கொம்பனிக்காரர் யாருக்கு அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியுமா? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்.

அக்கா செலீனா


வைலே
20.10.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை கூட, அதனால் எழுதப் பிந்திவிட்டது. நான் சுகம். அங்கே மழை தொடங்கிவிட்டதா?

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. சைக்கிளில் போனால் காற்று ஆளைத் தள்ளுகிறது. போன சனிக்கிழமை தொழிற்சாலைக்காரர் என்னையும் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குச் சுடுகிற வேலையில்லை. பற்றைக்குள் தடியால் தட்டிக்கொண்டு நடந்து பறவையைக் கிளப்பிவிட வேண்டும். நான் தட்டினேன், அவர்கள் சுட்டார்கள். அத்தான் தகரம் தட்டுவது நினைவுக்கு வந்தது. பின்னேரம் செத்த பறவைகளை வரிசையாகப் புல்லில் கிடத்தி, தொப்பியைக் கழற்றி, கொம்பு ஊதி மரியாதை செய்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம்.

கதிர்காமு வந்திருந்தான். அவனோடு பேச்சில்லாமல் போய்விட்டது. அவனிடம் தோட்டாக் கதையைச் சொன்னேன். "ஆருக்குப் போகுதெண்டு கேட்டியாடா மடையா?" என்றான். நீங்கள் எழுதியதுமே நான் கேட்டிருந்தேன். பவுல் கடதாசியை எடுத்துக் காட்டினார். பயிர்ப் பாதுகாப்பு என்றுதான் அடித்திருக்கிறது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கடதாசியில் இருப்பதுதான் அவருக்கும் தெரியும். கதிர்காமு சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான்.

முதல் அனுப்பியது நல்லதென்று கொழும்புக்காரர் எழுதி, இன்னொரு தொகை கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் வேலை கூட. இந்த வேலையை விட்டால் கொமூன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மூவரையும் இந்த நாட்டுக்குக் கூப்பிடுகிற அலுவலும் கெட்டுவிடும். அதனால் நிற்கிறேன்.

அக்கா, அத்தானை இந்தப் போகம் வட்டைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பன்றி தின்றால் தின்னட்டும். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கட்டாயம்.

தம்பி மரியதாசன்


சேசு மரி சூசை துணை

நாவற்கண்டம்
18.12.1985

அன்புள்ள தம்பி மரியதாசனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். பாலன் பிறப்புக்கு எங்கள் வாழ்த்துகள். யோகமலரும் வாழ்த்துச் சொல்கிறாள்.

உன் கடிதம் மழைக்கு முன்னமே கிடைத்தது. நீ சொல்லச் சொன்னதை அத்தானிடம் சொன்னேன்.

மழை இந்த முறை அதிகம்.

வேறு புதினமில்லை. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


வைலே
05.01.1986

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருசம் உங்களுக்கு நல்லபடி பிறந்திருக்க வேண்டும். நான் சுகம்.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. அதில் ஒரு ஏச்சுக்கூட இல்லை. நீங்கள் என்னை ஏசாமல் எழுதிய கடிதம் இதற்கு முன் ஒன்றும் என்னிடம் இல்லை, அக்கா. அத்தானின் பகிடியும் இல்லை. மேலே நாவற்கண்டம் என்று போட்டிருக்கிறீர்கள், முத்திரையோ பட்டணத்துத் தபால் கந்தோருடையது. பட்டணத்துக்கு ஏன் போனீர்கள்? யாருக்காவது வருத்தமா?

இங்கே கிறிஸ்மஸுக்கு முன்னம் வேலைக்காரர் எல்லாருக்கும் ஒரு விருந்து வைப்பார்கள், யூலெபுரோகொஸ்ட் என்று. பன்றி இறைச்சியும் வாத்தும் மேசை நிறைய. முதலாளி எழும்பிப் பேசினார். சிலோன் ஓடரால்தான் இந்த வருசம் ஒருவரையும் நிற்பாட்டாமல் தப்பினோம், அதற்கு மரியதாசனுக்கு நன்றி என்றார். எல்லாரும் எழும்பிக் கை தட்டினார்கள். ஒரு வைன் போத்தல் தந்தார்கள். அது இன்னும் உடைக்காமல் மேசையில் இருக்கிறது.

அத்தானைக் கொண்டு இரண்டு வரி எழுதுவியுங்கள். என்னத்தையாவது எழுதட்டும், பன்றியைப் பற்றி எழுதினாலும் போதும்.

மரியதாசன்


ஹொல்ஸ்டெப்ரோ
23.02.1986

அக்கா,

இன்னும் மறுமொழி இல்லை. நீங்களும் பிள்ளையும் எங்கே இருக்கிறீர்கள் என்றுகூடத் தெரியாமல் இதைக் கோயில் விலாசத்துக்குப் போடுகிறேன்.

கதிர்காமுவின் தமக்கையின் கடிதம் அவனுக்கு வந்திருக்கிறது. அவன் வைலேக்கு ரயிலில் வந்து, கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அத்தான் போய் மூன்று மாதம் ஆகிறதாம். மூன்று மாதமும் நான் இங்கே தின்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு இதை ஊரான் வாயாலா கேட்கவேண்டும்?

அக்கா, உங்களைக் கோபிக்க எனக்கு உரிமையில்லை. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது கதிர்காமுவோடு இறைச்சித் தொழிற்சாலையில். குளிர் அறை, தண்ணீர்ச் சப்பாத்து, நாள் முழுக்கப் பன்றி வெட்டுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கேட்க என்னால் ஏலவில்லை.

அத்தானுக்கு இங்கே பூசை கொடுத்தேன். பெயரை இவர்களுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

யோகமலர் எப்படி இருக்கிறாள்?

தம்பி


கோயில் மண்டபம், மட்டக்களப்பு
14.04.1986

தம்பி மரியதாசனுக்கு,

இதைக் கொழும்புக்குப் போகிற கன்னியாஸ்திரி ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஆனபடியால் யாருக்கும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை நீ எழுதியபடியே எடுத்துக்கொள்கிறேன்.

மார்கழியில் எழுதிய கடிதத்துக்கு மேல் ஊரின் பெயரைப் போட்டேன். அப்போதே எங்களுக்கு அங்கே வீடு இல்லை. இந்த மண்டபத்துச் சீமெந்தில் இருந்துதான் எழுதினேன். வெளிநாட்டில் தனியாக இருக்கிறவனுக்குச் சாவை உடனே எழுதக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். உனக்கு எழுதத் தொடங்கினால் எல்லாவற்றையும் எழுத வேண்டி வரும். அதற்குத்தான் பயந்தேன். பேனையை எடுக்க எடுக்க உன் பழைய கடிதம் கண்ணுக்குள் வந்து நின்றது.

நீ வட்டைக்குப் போக வேண்டாம் என்று எழுதியதை அவரிடம் சொன்னேன். "உன்ட தம்பி டென்மார்க்கில இருந்து என்ட வரம்புக்குக் காவல் போடுறான்" என்று சிரித்தார். போனார். நெல் கதிர் விடப் போகிற குடலைப் பருவம், எப்படிப் போகாமல் இருப்பார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. விடியற் தொடக்கம் மழை. வாய்க்காலுக்கு அங்கால் இருந்து உழவு மெசினில் வந்தார்கள். யார் யார் என்று எழுதி உனக்கு என்ன, எனக்கு என்ன. புதுத் துவக்கு வைத்திருந்தவர்கள். வட்டைக்குள் நின்ற ஆட்கள் கண்டு ஓடத் தொடங்கினார்கள். உன் அத்தான் ஓடவில்லை. பக்கத்து வயல் பவளராணியின் புருசன் கூட நின்றவர், அவர் தப்பி வந்து சொன்னது. "நீங்க ஓடுங்க, ஊருக்குள்ள சொல்லுங்க. நான் தகரம் தட்டிக்கொண்டு வாறன். பயப்படாதீங்க, இந்த மழைக்கு இவனுகள்ற துவக்கு வெடிக்காது, எல்லாம் புஸ்தான்" என்று சொன்னாராம். அவர் சும்மா சொல்லவில்லை. எத்தனை போகம் மழைக்குள் துவக்கோடு நின்றவர். அவருக்குத் தெரிந்தது அதுதான். வரம்பில் ஏறி நின்று தகரத்தைத் தட்டினார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் ஓடினேன். ஊரில் பாதிப்பேர் அந்தச் சத்தத்தால் தப்பினார்கள். தகரம் நின்ற பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

இரண்டாம் நாள் பாதிரியாரோடு போய் அவரை எடுத்தோம். கொம்பு ஊத ஆளில்லை. தொப்பி கழற்றவும் ஆளில்லை. எரிந்த வீட்டு முற்றத்தில் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று நான் கிளறிக்கொண்டு நின்றேன். யோகமலரைத் தனியே விட ஆளில்லாமல் கூட்டிக்கொண்டு போனது என் மடைத்தனம். அவள் வரம்பு வழியே நடந்து எதையோ பொறுக்கிச் சட்டைத் தலைப்பில் போட்டுக்கொண்டு வந்தாள். பச்சை நிறம். ஒன்றைத் திருப்பிப் பித்தளை அடியை எனக்குக் காட்டினாள். "அம்மா, மாமாட கொக்கு" என்றாள். பிள்ளைக்குச் சந்தோசம். மாமா அனுப்பியது வந்துவிட்டது என்று நினைத்தாள். அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள், விசில் மாதிரிச் சத்தம் வந்தது. நான் பிடுங்கி எறிந்துவிட்டு அடித்தேன். ஏன் அடிக்கிறேன் என்று விளங்காமல் அழுதாள். இப்போதும் அவளுக்கு விளங்கப்படுத்தவில்லை. வளர்ந்த பிறகு நீயே வந்து சொல்லு.

வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. நான் கேட்கவுமில்லை. உன்னை ஏச வேண்டுமென்று இந்த நாலு மாதமும் எனக்குள் சொல் தேடினேன். நீ கெட்டது நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் வயிற்றைப் பற்றி எரிக்கிறது. கெட்டது நினைத்துச் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன். அவர் கேட்டார், நீ செய்தாய். விலை கழித்து, மழைக்கும் வெடிக்கிறதாய். அவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

எங்களைக் கூப்பிடுகிற அலுவலை விட்டுவிடு. அந்த ஊர்ப் பாண் என் தொண்டைக்குள் இறங்காது.

நீ கேட்க ஏலாமல் விட்ட கேள்விக்கும் மறுமொழி எழுதிவிடுகிறேன், நீ இனி எழுதிக் கிழிக்க வேண்டாம். அன்றைக்குப் பகல் முழுக்க மழை விடவே இல்லை, தம்பி. அவர்கள் நனைந்துகொண்டுதான் வந்தார்கள், நனைந்துகொண்டுதான் சுட்டார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை.

இப்படிக்கு,
செலீனா